தன் கையே தனக்கு உதவி



முன்பெல்லாம் நம் லயங்களில் கால் ஊனமானவருக்கு 'நொண்டி' என்று பெயர். கண் தெரியாதவர் 'குருடன்'. புத்தி மெதுவாக ஓடுகிற பிள்ளை 'பைத்தியம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு மறைந்துவிடும். இப்போது 'உடற்பேறு குறைந்தோர்', 'மாற்றுத் திறனாளிகள்' என்று மரியாதையாகச் சொல்கிறோம். நல்லதுதான். வாய் மாறிய அளவுக்கு வீடு மாறியிருக்கிறதா?

சந்தா வாங்கவும் கூட்டம் போடவும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் நான். பின்கட்டில் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். வயது இருபது, இருபத்தைந்து இருக்கும். அப்பனும் ஆயியும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பாட்டி சோறு ஊட்டுவாள். "பாவம், அதுக்கு என்னா தெரியும்?" என்பார்கள். பாசத்துக்குக் குறைவில்லை. அந்தப் பாசமே பிள்ளையைக் கட்டிப் போட்டிருக்கிறது.

பெற்றவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நாங்க கண்ண மூடிட்டா இவன யாருங்க பாப்பா?" நியாயமான பயம். அவனால் ஆன மட்டும் அவனே தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவதுதான் அதற்குப் பதில். அதை நாம் கண் திறந்திருக்கும்போதே தொடங்க வேண்டும்.

கடைசிப் பொத்தான்

1984-ஆம் ஆண்டு திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் சமூகநல இலாகா பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊனமுற்றவரைத் தூரத்து விடுதிக்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே, குடும்பத்தையும் சேர்த்துப் பழக்குவது அதன் வழி. இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட பி.டி.கே. மையங்கள் உள்ளன.

அப்படி ஒரு மையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு ஓய்ந்திருக்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். பெயர் போட வேண்டாம் என்றார். அதனால் அவருடைய வேலையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பையனுக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். சட்டைக்கு ஐந்து பொத்தான். நாலைத் தாய் போடுவாள். கடைசிப் பொத்தானை மட்டும் பையன் போட வேண்டும். முடித்தவன் அவன்தானே, அவனுக்குச் சந்தோஷம். அது கை வந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது ஒரு முறை. சாப்பிடுவது, குளிப்பது, கடையில் காசு எண்ணிக் கொடுப்பது, பஸ் ஏறுவது என்று ஒவ்வொன்றும் இப்படித் துண்டு துண்டாகத்தான். ஒன்றுக்கு ஒரு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும்.

தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒத்தப் பொத்தானுக்கு அரை மணி நேரமா? புள்ளயக் கொடும பண்றியா? நான் போட்டா ஒரு நிமிசம்!" என்று ஏசியிருக்கிறார். இந்த அம்மா அமைதியாகச் சொன்னாராம்: "அக்கா, நீங்க போட்டா ஒரு நிமிசம்தான். ஆனா சாகுற வரைக்கும் தெனமும் நீங்களே போடணும். அதுக்கப்புறம் யாரு போடுவா?"

அந்தப் பையன் இன்று செம்பனை நாற்று மேடையில் பாலித்தீன் பைகளில் மண் நிரப்புகிறான். சம்பளப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. சேமநிதி பிடிக்கிறார்கள், சொக்சோ பிடிக்கிறார்கள். "வேலைக்குப் போனதும் என்னைப் பாக்க வர்றதயே வுட்டுட்டான். எனக்கு அதுதான் பென்ஷன்" என்று அந்த அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு சங்கக்காரனான எனக்குக் கொஞ்சம் சுட்டது. பி.டி.கே. ஊழியர்கள் அரசாங்க நிரந்தர ஊழியர்கள் அல்லர். அலவன்ஸில்தான் காலம் தள்ளுகிறார்கள். பிறரை நிமிர்த்துகிறவர்களுக்கும் ஒரு நிமிர்வு வேண்டாமா?

அடிபட்டவர் முடிந்தவர் அல்லர்

பிறவிக் குறை மட்டுமா? குலை வெட்டும்போது கண்ணில் முள் பாய்கிறது. ஆலையில் விரல் போகிறது. வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து கால் போகிறது. 1971 முதல் இயங்கிவரும் சொக்சோ இதற்கு நஷ்டஈடு தருகிறது. நம்மவர்கள் பலர் அந்தப் பணத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தோழர்களே, பணம் பாதி உரிமைதான். 2007-இல் சொக்சோ 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' தொடங்கியது. 2014-இல் மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. செயற்கைக் கால், உடற்பயிற்சிச் சிகிச்சை, வேறு வேலைக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. கேட்டு வாங்குங்கள். ஒரு கால் போனவருக்கு ஸ்டோரிலும், எடைத் தராசிலும், நாற்று மேடையிலும் செய்ய வேலையே இல்லையா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் அமைந்தது. அதன் தலைமையகம் அங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக வேலைக்குப் போகிறார்கள். சாலை தாண்டப் பழக்கிவிட்டவர்கள் யாரோ பல வருடம் அவர்கள் பக்கத்தில் நடந்திருக்கிறார்கள். பிறகு கையை விட்டிருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

2008-இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் நிறைவேறியது. கல்வி, வேலை, போக்குவரத்து, கட்டட வசதி எல்லாம் உரிமை என்றது. ஆனால் அது நிறைவேறியபோது, மறுப்பவர்களுக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. பல் இல்லாத சட்டத்துக்கு நம் ஒற்றுமைதான் பல்.

முதலில், பிள்ளையைச் சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. கார்டு எடுங்கள். அரசாங்க டாக்டர் உறுதிப்படுத்திய பாரம், அடையாளக் கார்டு நகல், படம் வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை என்றால் இன்னும் ஒரு நாளும் தள்ளாதீர்கள். சங்கக் கிளைச் செயலாளரைப் பிடியுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்தக் கதவும் திறக்காது.

அடுத்து, தோட்டம் விற்கப்படும்போது நடக்கும் பேச்சுவார்த்தை. ஐந்து மாடி மலிவு விலை அடுக்குமாடி, லிப்ட் கிடையாது, நமக்கு நாலாவது மாடி. லயத்து வாசலில் தவழ்ந்தாவது நாலு முகம் பார்த்தவர் அங்கே ஏறினால் பிறகு இறங்குவது எப்போது? ஆகவே, ஊனமுற்றவர் உள்ள குடும்பத்துக்குக் கீழ்வீடு என்பதை முதல் கோரிக்கைகளில் ஒன்றாக எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அழுது பயனில்லை.

மூன்றாவது, நம் வீட்டுக்குள்ளே. நாளைக் காலை சோற்றுத் தட்டைப் பிள்ளையின் முன் வையுங்கள். சிந்தட்டும், பரவாயில்லை. கரண்டியைப் பிடித்துப் பழக அவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

நம் பாட்டன்மார் துரையிடம் கருணை கேட்டு நின்றார்கள். நாம் சங்கம் கட்டிக் கூலியைக் கேட்டு வாங்கினோம். தன் காலில் நிற்பதன் ருசி நமக்குத் தெரியும். அதை நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?