சரக்குக் கொட்டகைப் பக்கம்: லாரி நிற்கிறது, ஓட்ட ஆளில்லை

ரயில் பார்சலில் மாம்பழக் கூடை அனுப்புவதற்குரிய விதிகளை இந்த இதழில் எழுதுவதாகச் சென்ற திங்கள் வாக்களித்திருந்தேன். நேயர்கள் மன்னிக்க வேண்டும். கூடை இன்னும் ஒரு திங்கள் காத்திருக்கட்டும். இடையில் வேறொரு காரியத்தில் அகப்பட்டுக்கொண்டேன். அது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் சம்பந்தப்பட்டதாகத் தோன்றுகிறபடியால் அதையே எழுதுகிறேன்.

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் நாகபுரியில் பதினொரு லாரிகள் வைத்துச் சரக்குப் போக்குவரத்து நடத்துகிறார். பூர்விகம் திருச்செங்கோட்டுப் பக்கம். தந்தையார் காலத்திலேயே இங்கு வந்து ஊன்றிவிட்டவர்கள். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகையால் நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் சரக்குக் கொட்டகையில் உரம் ஏற்றிய ரயில் வந்து நின்றால், மூட்டைகளை அமராவதிக்கும் யவத்மாலுக்கும் வார்தாவுக்கும் கொண்டு சேர்ப்பவை அவருடைய லாரிகளே. மற்ற நாட்களில் சந்திரபூரிலிருந்து சிமெண்டு, ராய்ப்பூரிலிருந்து இரும்பு. இந்தப் பதினொன்றில் மூன்று லாரிகள் ஒரு மாதமாக நின்றுவிட்டன. வண்டியில் பழுதில்லை. ஓட்டுவதற்கு ஆளில்லை.

லாரி நின்றால் ரயில் குமாஸ்தாவுக்கு என்ன என்று கேட்கலாம். மூடிய சரக்கு வண்டிகள் நாற்பத்திரண்டு கோத்த ஒரு ரயிலில் ஏறக்குறைய 2,600 டன் வருகிறது. குறித்த மணி நேரத்துக்குள் இறக்கி அப்புறப்படுத்தாவிட்டால் வியாபாரி தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு ரசீது எழுதுகிறவன் நான். ஆகவே பாதையில் ஓர் ஓட்டுநர் குறைந்தால் அந்தக் கோபம் என் ஜன்னலில்தான் வந்து இறங்கும்.

“சட்டப் புஸ்தகமெல்லாம் புரட்டுகிறவர் நீங்கள்தானே. ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள்” என்றார் நண்பர். போனேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தார் நால்வர், விதர்ப்பத்தைச் சேர்ந்தவர் மூவர், நம்மவர் இருவர். முதலில் காகிதங்களைப் பார்த்தோம். இதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது லாரி வாங்கியிருக்கும் நம் அன்பர்கள் பலருக்கே திட்டமாகத் தெரியவில்லை. சரக்கு வண்டி ஓட்டுவதற்கு இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன் இலகு வண்டி லைசென்ஸ் ஓராண்டாவது கையில் இருந்திருக்க வேண்டும். சரக்கு வண்டி லைசென்ஸ் முன்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2019இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பின் ஐந்து ஆண்டுகள். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் எடுக்கப்பட்டது. அதை எடுத்தது தவறு என்று சிலர் வாதிக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் பிறர் படிப்பை அளப்பது அழகன்று. ஆயினும், வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்த பலரை அந்த விதி வெளியே நிறுத்தியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

வந்தவர்களில் ஓர் இளைஞர் இலகு வண்டி லைசென்ஸ் ஒன்றை நீட்டி, “இதுவே போதும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது” என்று வாதாடினார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. 2024 நவம்பரில் வந்த தீர்ப்பு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளுக்கு அந்த லைசென்ஸ் போதும் என்கிறது. நண்பருடைய லாரிகளோ சுமையுடன் 28 டன்னுக்கு மேல் நிற்பவை. அவரை வேறு இடம் பார்க்கச் சொல்ல நேர்ந்தது. இன்னொருவருடைய அட்டை எண்ணை ‘சாரதி’ என்னும் அரசாங்க வலைத்தளத்தில் இட்டுப் பார்த்தேன். வேறொருவர் பெயர் வந்தது. தரகருக்குப் பணம் கொடுத்து வாங்கிய அட்டையாம். அந்த மனிதரின் முகம் வெளிறிய விதத்தைப் பார்த்தால், அவரும் ஏமாந்தவராகவே தோன்றியது. அட்டையைக் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல், எண்ணை இட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடமே ஆகிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

காகிதம் இத்துடன் முடிந்தது. மிச்சமிருந்த ஏழு பேரையும் நண்பருடைய மூத்த ஓட்டுநரான சர்தார்ஜி ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் பரீட்சை செய்த முறை எனக்கு மிகவும் புதுமையாக இருந்தது. லாரியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தூரத்தில் போய் நின்றுகொண்டார். சாவி கிடைத்ததும் நேரே ஏறி இஞ்சினைக் கிளப்பியவர் மூவர். மற்ற நால்வர் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார்கள். டயரைத் தட்டிப் பார்த்தார்கள். பின்சக்கர ஜோடியின் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். ஏறிய பின்னும் உடனே நகர்த்தவில்லை. பிரேக்குக்குரிய காற்றழுத்தம் ஏறும் வரையில் முள்ளைப் பார்த்துக் காத்திருந்து, பெடலை மிதித்து, எங்காவது காற்றுக் கசிகிற ஓசை வருகிறதா என்று காது கொடுத்தார்கள். பரீட்சை வண்டியில் உர மூட்டை ஏற்றியே வைத்திருந்தார் சர்தார்ஜி. காலி லாரியை யாரும் ஓட்டிவிடலாம் என்பது அவர் கட்சி.

பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: “பாரத்தோடு மலைச் சரிவில் எந்தக் கியரில் இறங்குவாய்?” ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் என்பதே சரியான விடை. ஒருவர், டீசல் மிச்சமாகும்படி நியூட்ரலில் விட்டுவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னார். சர்தார்ஜி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் மீதும் முழுப் பிழை சொல்ல மாட்டேன். டீசல் மிச்சத்துக்குப் பரிசு கொடுத்த முதலாளி யாரோ ஒருவர்தான் அந்த வித்தையை அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

எல்லாரிலும் சிறந்து விளங்கியவர் நம்மவர்தாம். சங்ககிரிக்காரர்; ஐம்பது வயதைக் கடந்தவர்; கிளீனராகத் தொடங்கி முப்பது ஆண்டு பாதையில் கழித்தவர். நாகபுரி வழியாகச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையே சேலம், நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரி வரை போகிறதல்லவா? அந்தப் பாதையில் எந்த மேட்டில் எந்தக் கியர் என்பது அவருக்கு மனப்பாடம். பாரமேற்றிய லாரியைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து, கொட்டகை மேடையை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினார். சர்தார்ஜி கைகுலுக்கினார். நண்பருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நம்மூர்க்காரர் கிடைத்துவிட்டாரே என்று.

நிற்க. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு சேர்ந்த உடல்நலப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மோட்டார் வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்பது அது. படிவத்தில் ஆம் என்று எழுதிக் கையெழுத்திடுவோர் பலர். அளந்து பார்ப்போர் சிலர். நான் ரயில்வே மனிதன். எங்கள் இஞ்சின் ஓட்டுநர்களுக்குக் கண்ணாடி அணியாமலே முழுப் பார்வை இருக்க வேண்டும் என்று சேரும்போதே பார்க்கிறார்கள். 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பின் ஆண்டுதோறும் வைத்தியர் முன் நிறுத்துகிறார்கள். வேலைக்கு வந்து கையெழுத்திடும்போது மூச்சையும் ஊதிக் காட்ட வேண்டும். ரயிலுக்கு இத்தனை ஆபீசுகள் செய்கிற வேலையை லாரிக்கு யார் செய்வது? அந்த முதலாளி ஒருவர்தான், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில். ஆகவே என் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, மேடையிலிருந்து 25 மீட்டர் அளந்து, சர்தார்ஜியின் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தச் செய்தேன்.

மற்றவர்கள் படித்தார்கள். சங்ககிரிக்காரர் நெடுநேரம் பார்த்தார். பின் ஓர் எண்ணைச் சொன்னார். தவறு. இரண்டடி முன்னே வந்து மறுபடி சொன்னார், அதுவும் தவறு. பதினைந்து மீட்டருக்கு வந்த பின்னரே சரியாகச் சொன்னார். எண் பலகையைப் படிக்கத் தெரியாதவரல்லர், கண் மங்கியிருக்கிறது. லைசென்ஸோ இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

நான் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோது அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“ஏனுங்க சார், அத மட்டும் எழுதாம உட்டுருங்க. முப்பது வருசமா ஓட்டுறனுங்க. ரோடு என்ர கைக்கே தெரியுமுங்க. ரெண்டாவது புள்ளைக்குக் காலேஜுப் பணம் கட்டோணுங்க.”

“எதிரே வருகிறவனுக்கு உங்கள் கை தெரியாதே, அண்ணே” என்று சொன்னேன். சொன்ன பிறகு, இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுதிவிட்டேன்.

நண்பருக்கும் எனக்கும் அன்று மாலை பெரிய வாக்குவாதம். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மூன்று லாரிக்கும் வங்கித் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆள் கிடைப்பதோ அருமை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிக்கே பேர்போன ஊர்களிலும் இதே முறையீடுதான். முன்பெல்லாம் கிளீனராக ஏறிய பையன் பத்து ஆண்டில் ஓட்டுநராக இறங்குவான். செலவைக் குறைக்க வேண்டிக் கிளீனரை நிறுத்தினார்கள். தேசிய உரிமம் பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆளே இல்லாத வண்டியிலிருந்து அடுத்த ஓட்டுநர் எப்படி வருவார்? போதாக்குறைக்கு, லாரி ஓட்டுகிறவன் என்றால் பெண் கொடுக்கவும் தயங்குகிறோம். நம் சங்கத்து வீடுகளில் எத்தனை வீடு இதற்கு விலக்கு என்று அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் வந்தவர்கள் கேட்ட கேள்விகளைக் கவனித்தபோது, ஆளில்லை என்பதற்கு வேறொரு காரணமும் விளங்கியது. சர்தார்ஜி தேர்ந்தெடுத்த நால்வரில் ஒருவர்கூடச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. “நிற்கிற நாளுக்குப் படி உண்டா?” என்பதே விதர்ப்பக்காரர் ஒருவரின் முதற் கேள்வி. ரயில் தாமதமாக வந்தால் லாரி கொட்டகை வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடக்கும். நண்பர் கொடுத்துவந்தது டிரிப்புக்கு இவ்வளவு என்ற கணக்கு. காத்துக் கிடந்த நாளுக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு நாட்களை ஓட்டுநர் எங்கே ஈடுசெய்வார்? இரவுத் தூக்கத்தில்தான். ரயில் தாமதத்துக்கு விளக்கம் எழுதி எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

மற்றொருவர், மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் படுக்கலாம் என்று கேட்டார். விபத்து நேர்ந்தால் முதலாளி ஜாமீனுக்கு வருவாரா என்று மூன்றாமவர் கேட்டார். 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்களே, நினைவிருக்கலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்து, தெரிவிக்காமல் போனவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து. அவ்வாண்டு ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஆனால் அந்த அச்சம் போய்விடவில்லை. கூட்டம் கூடி அடிக்கும் என்று ஓடினால் குற்றம், ஓடாமல் நின்றால் உயிர் போகும் என்று அவர் சொன்னதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

வேலை நேரம் என்று பார்த்தால், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. 2020இன் தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. சரக்கோடு செல்லும் இ-வே பில்லும் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. ராய்ப்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 285 கிலோமீட்டர். ஆகவே இரண்டு நாள் அவகாசம் காகிதத்திலேயே உண்டு. ஒரே இரவில் போய்ச் சேர் என்று சொல்வது முதலாளியின் கைப்பேசி. இதைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

முடிவில், நிற்கிற நாளுக்குப் படி தர ஒப்புக்கொண்டார். பதினைந்து நாளுக்கு இரண்டு இரவாவது வீடு என்றும் எழுதிக் கொடுத்தார். அதன்மேல் இருவர் சேர்ந்தார்கள். மற்ற ஒருவர் யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் திரும்பவில்லை. நாகபுரிக் கோடையில் 45 டிகிரி வெயிலில் இஞ்சினுக்கு அருகே உட்காருகிறவரைப் பற்றியும் பேச்செடுத்தேன். 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகிவிட்டது. பழைய லாரிக்கு அந்த விதி இல்லை. “ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள்” என்றார் நண்பர். அதோடு விட்டேன்.

சங்ககிரிக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண்ணில் அறுவை முடிந்து பத்து நாளாகிறது. செலவு நண்பருடையது, சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. முற்றிலும் ஆறிய பிறகே கண்ணாடி, அதன் பின்னரே மறுபடி எண் பலகை என்று வைத்தியர் கூறிவிட்டார். அதுவரை மூன்றாவது லாரி நிற்கிறது. என்னைக் காணும்போதெல்லாம் நண்பர் அதன் அன்றைய தவணைக் கணக்கைச் சொல்லத் தவறுவதில்லை. சங்ககிரிக்காரர் நேற்றுக் கொட்டகைக்கு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஓரத்தில் நின்று, புதிதாகச் சேர்ந்தவர் லாரியைப் பின்னால் எடுப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை, கும்பிட மட்டும் செய்தார்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மீண்டும் ஆட்களைப் பார்க்கிறோம். தகுதியுள்ளவர்கள் தெரிந்திருந்தால் நேயர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்பலாம். லைசென்ஸை அசலாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடி அணிகிறவராயின் அதையும் மறக்காமல் கொண்டுவரட்டும். அளவு நாடா என் பையிலேயே இருக்கிறது.