மாநாட்டுக்குப் புறப்படுமுன்

ஒரு காலத்தில் மதுரை ஜில்லாக்காரர் ஒருவர் கடல் கடக்க எண்ணினால் பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சிக்கு நடையாக நடக்க வேண்டியிருந்தது. இன்று அந்த அலுவலகம் எங்கள் தல்லாகுளத்தை அடுத்து, ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய பாரதி உலா வீதியிலேயே இருக்கிறது. காலை வேளையில் அவ்வழியே நடந்து போகிறவர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரங்களை அடுக்கிக்கொண்டு காத்து நிற்கும் ஜனங்களைத் தினமும் காணலாம். வளைகுடா தேசங்களில் வேலைக்குப் போகிறவர்கள், பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆகியோரோடு, சர்வதேச மாநாடுகளில் கட்டுரை படிக்க அழைக்கப்பட்ட பேராசிரியர்களும் வைத்தியர்களும் பொறியாளர்களும் அந்த வரிசையில் இப்போது நிறையவே நிற்கிறார்கள். இந்தக் கடைசி வகையினரைப் பற்றியே இந்த வாரம் எழுத நினைக்கிறேன். கட்டுரையைச் செம்மைப்படுத்த ஆறு மாதம் செலவிடுகிற இவர்களில் பலர், பிரயாணத்தையும் அதன் பாதுகாப்பையும் பற்றி யோசிக்கக் கடைசி இரண்டு இரவுகளைத்தான் ஒதுக்குகிறார்கள். இது சரியல்ல என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நம் பக்கத்திலிருந்து வழியனுப்பப்பெற்று சர்வதேச மாநாடு ஒன்றுக்குச் சென்றவர்களுள் தலைசிறந்தவர் சுவாமி விவேகானந்தர். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியை அவர் சந்தித்தது மதுரையில். சிகாகோவில் கூடவிருந்த சர்வமத மகாசபைக்கு அவர் போயே தீரவேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் சேதுபதி மன்னர் முக்கியமானவர். சென்னையில் பச்சையப்பன் பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார். பக்தியும் தியாகமும் அந்த ஏற்பாட்டில் குறைவின்றி இருந்தன. ஆனால் மகாசபை என்றைக்குத் தொடங்குகிறது, அதில் பேச எந்த ஸ்தாபனத்தின் அத்தாட்சி வேண்டும், பிரதிநிதிகள் பெயரைப் பதிவு செய்துகொள்ள எதுவரை அவகாசம் என்ற மூன்று கேள்விகளை மட்டும் யாரும் விசாரித்து வைக்கவில்லை.

1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறிய சுவாமிகள் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக வான்கூவரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஜூலை மாதக் கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். சபை செப்டம்பர் 11ஆம் தேதிதான் கூடும் என்பதும், தக்க அத்தாட்சியில்லாத எவரையும் பிரதிநிதியாக ஏற்கமாட்டார்கள் என்பதும், பெயரைப் பதிவு செய்யும் காலமே கடந்துவிட்டது என்பதும் அங்கே போய்த்தான் அவருக்குத் தெரியவந்தன. சிகாகோவில் தங்கச் செலவு தாங்காது என்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கிருந்து ஆகஸ்டு 20ஆம் தேதி அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கையே ஒப்புவித்திருக்கிறார்: புறப்படும்போது நோட்டாக 170 பவுனும் ரொக்கமாக 9 பவுனும் இருந்தன, இப்போது மொத்தம் 130 பவுனாகக் குறைந்துவிட்டது, நாளொன்றுக்குச் சராசரி ஒரு பவுன் கரைகிறது. உஷ்ண தேசத்து உடையோடு போனவருக்கு, வரப்போகிற குளிரைத் தாங்கும் துணிமணிகளுக்கும் அந்தப் பணத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அறிமுகக் கடிதம் எழுதி, டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து அவரைத் திரும்பச் சிகாகோவுக்கு ரயிலேற்றினார். அங்கே இறங்கியபோது மகாசபைக் காரியாலயத்தின் விலாசம் தொலைந்து போயிருந்தது. ஜெர்மன் பாஷை பேசுகிறவர்கள் மிகுந்த பகுதியில் வழி கேட்டும் பதில் கிடைக்காமல், ரயில்வே சரக்கு நிலையத்தில் கிடந்த காலிப் பெட்டியொன்றில் அந்த இரவைக் கழித்தார். மறுநாள் வீடு வீடாக உதவி கேட்டு அவமதிக்கப்பட்டு, களைத்துத் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை எதிர் வீட்டிலிருந்து பார்த்த ஹேல் சீமாட்டி உள்ளே அழைத்து உபசரித்து, மகாசபைக்குக் கொண்டு சேர்த்தார். அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது அந்தச் சிரமங்களையெல்லாம் தெய்வ சங்கல்பம் என்று கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழக்கம். அந்த மகானின் மனோபலம் போற்றத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவரை அனுப்பி வைத்தவர்கள் ஒரு கடிதம் எழுதித் தேதியையும் விதிகளையும் கேட்டிருந்தால், அவர் ஒரு மாதத்துக்கு மேல் கையிருப்பைக் கரைத்திருக்க வேண்டியதில்லை. விலாசம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தால், சரக்குப் பெட்டியில் படுத்திருக்க வேண்டியதில்லை. ரைட் போன்ற பேராசிரியரும் ஹேல் போன்ற சீமாட்டியும் வழியில் எதிர்ப்படுவார்கள் என்று நம்பி, நம் வீட்டுப் பிள்ளைகளை யாரும் விமானம் ஏற்றிவிட முடியாது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் கண் மருத்துவர் ஒருவர், இளம் வயதுப் பெண்மணி, அண்மையில் துபாய் வழியாக நைரோபிக்கு ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய்வந்தார். புறப்படுவதற்கு முந்திய வாரம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுவதும் காகிதங்கள் விரித்துக் கிடந்ததைப் பார்த்தேன். அழைப்புக் கடிதம், விடுதி முன்பதிவு, திரும்பி வரும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் பத்திரம் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல்கள். அவற்றிடையே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை ஒன்று. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் அந்த நோய் உள்ள தேசங்களிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்த அட்டை இல்லையென்றால், இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டையே செல்லுபடியாகும் என்பதால், கடைசி நேரத்தில் ஓடுவதில் பிரயோஜனமில்லை.

அப்போதுதான் அவருடைய தாயார் சமையலறையிலிருந்து பொடி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் ஓரத்தில் வைத்தார். "அம்மா, இதுல கசகசா சேர்த்திருக்கா?" என்று மகள் கேட்டார். "ஆமா, குருமாப் பொடில்ல. கசகசா இல்லாம எப்படி?" என்றார் தாயார். "அப்ப வேணாம்மா. துபாய்ல கசகசா கொண்டு போறது குத்தம். பிடிச்சு உள்ள வச்சுருவாங்க." அந்த அம்மாளுக்கு நம்ப முடியவில்லை. "அடப்பாவமே, சோத்துக்குப் போடுற சாமானுக்கா?" என்று டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கசகசா போதைப் பொருள் சட்டத்தின் கீழ் தடுக்கப்பட்ட பண்டம் என்பது உண்மை. நம் ஊரில் இருமலுக்கும் வலிக்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கிற சில மருந்துகளும், கோடீன், டிரமடால் போன்றவை கலந்தவை, அங்கே முன்அனுமதியின்றிக் கொண்டுபோகத் தகாதவை. ஆகவே அன்றாடம் சாப்பிடுகிற மாத்திரைகளை அவற்றின் அட்டையோடும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும், கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் ரத்த அழுத்த மாத்திரை நின்றுவிடக் கூடாதல்லவா? போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

விசா விஷயத்தில் நம் பக்கத்தவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பெரும்பாலான தேசங்களின் விசாவுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும்; பாண்டியன் ரயிலிலோ வைகை ரயிலிலோ ஏறிப் போய், ஒரு காகிதம் குறைந்தால் மறுபடியும் ஒரு தரம் போகவேண்டும். பல தேசங்கள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு, குறைந்தது 30,000 யூரோ வரை வைத்தியச் செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பிரயாணத்துக்குப் பதினைந்து நாளாவது முன்பே மனுச் செய்தாக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று: அழைத்திருக்கிற மாநாடு மெய்யாகவே நடக்கப்போகிறதா என்பது. பெரிய பெயரோடு மின்னஞ்சல் அனுப்பி, பதிவுக் கட்டணத்தைப் பறித்துக்கொண்டு மறைந்துபோகும் மோசடிக்காரர்கள் பெருகியிருக்கிறார்கள். நடத்துகிற சங்கத்தையும் மண்டபத்தையும், அவர்கள் தந்த எண்ணில் அல்லாமல் தாமே தேடிக் கண்டுபிடித்த எண்ணில் விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். அந்நிய ஊரில் முதன்முதலாகத் தனியே இறங்குகிறவர், பெண்ணானாலும் ஆணானாலும், பகலில் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுப்பது, சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும், நல்லது.

அனுப்புகிற ஸ்தாபனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் பறந்த மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபோது, மெல்போர்னில் கூடவிருந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு பேரும் அதில் இருந்தார்கள். அத்துறையின் முன்னோடியான டச்சு விஞ்ஞானி யூப் லாங்கே அவர்களுள் ஒருவர். இப்படிப்பட்ட கொடுமைக்குப் பிரயாணி எந்தத் தற்காப்பும் செய்துகொள்ள இயலாது. ஆனால் ஒரே துறையின் தலைவரையும் அவருக்கு அடுத்தவரையும் ஒரே விமானத்தில் ஏற்றாதிருப்பது அனுப்புகிறவர்களுக்கு இயலும். பெரிய கம்பெனிகள் பல இதை விதியாகவே வைத்திருக்கின்றன. நம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும், டிக்கெட்டில் கிடைக்கும் சலுகையை எண்ணி, எல்லோரையும் ஒரே விமானத்தில் அனுப்பிவிடுகின்றன.

போகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், மாநாட்டைக் கூட்டுகிறவர்கள் கையில் பாதிப் பொறுப்பு இருக்கிறது. தமிழர்களாகிய நாம் இதைக் கண்ணீரோடு கற்றோம். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, எத்தனையோ தடைகளுக்கிடையே, சிறப்பாகவே நடந்தது. அதன் இறுதி நாளாகிய 10ஆம் தேதி இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே பெருங்கூட்டம் அமர்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் போலீஸார் புகுந்து தாக்கியதால் எழுந்த அமளியில், மின்கம்பி அறுந்து விழுந்து, தமிழ் கேட்க வந்த ஜனங்கள் உயிரிழந்தார்கள். கூட்டம் எந்த வழியாக வெளியேறும், தலைக்குமேல் என்ன ஓடுகிறது, அதிகாரிகளோடு பேசி முடிவு செய்தது என்ன என்பவற்றை மாநாட்டுக்காரர்கள் கட்டுரைகளின் தரத்தைப் போலவே கவனித்தாக வேண்டும் என்பதற்கு, நம் சரித்திரத்திலேயே இதைவிடத் துயரமான சான்று வேறில்லை.

ஏழு வருஷங்களுக்குப் பிறகு, 1981 ஜனவரியில், ஐந்தாவது மாநாடு நம் மதுரையிலேயே கூடியது. தமுக்கம் மைதானத்தில் இப்போது பெரிய மாநாட்டு மையமும் எழுந்திருக்கிறது. அருகிலேயே உலகத் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. ஆகவே போகிறவர்களாக மட்டுமன்றி, அழைக்கிறவர்களாகவும் நாம் யோசிக்க வேண்டும். சித்திரையில் அழகர் எதிர்சேவை நாளில் தல்லாகுளத்தில் எள் விழ இடமிராது, தெருக்களை அடைத்துவிடுவார்கள், ஆட்டோ கூட வராது. வெளிதேசத்து விருந்தினர் ஒருவரை அந்த வாரத்தில் அழைத்துவிட்டு, இதை முன்கூட்டி அவருக்கு எழுதாமல் இருந்தால், நள்ளிரவில் விமான நிலையத்திலிருந்து வருகிற அவர் கோரிப்பாளையத்தில் பெட்டியோடு தவிப்பார். வெயிலின் கடுமை, குடிதண்ணீர், இரவு நேரத்தில் எந்த மருத்துவமனை, யாருக்குப் போன் செய்வது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அழைப்போடு சேர்த்து அனுப்புவது நம் விருந்தோம்பலின் பகுதி.

அந்த மருத்துவர் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அவர் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போன ஒற்றைத் தாள். விமானங்களின் எண்ணும் நேரமும், விடுதியின் பெயரும் விலாசமும் போன் எண்ணும், மாநாட்டுச் செயலாளரின் எண், நைரோபியிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண், இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் எண், பாஸ்போர்ட் நகல், தம் ரத்த வகை ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் அவர் எழுதியிருந்தார். போன் தொலைந்தாலும் உதவும்படி அதே தாளின் பிரதி ஒன்று அவர் கைப்பையில் இருந்தது. மூன்றாவது பிரதி அவருடைய மருத்துவமனையில் இருந்தது. போன் பேசுவதற்கென்று வீட்டாரும் அவரும் தினம் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். அந்த நேரம் கடந்து இத்தனை மணி ஆகியும் பேச்சில்லையென்றால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது.

மதுரையிலுள்ள கல்லூரி முதல்வர்களையும் மருத்துவமனை நிர்வாகிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் பிரதிநிதி ஒருவருக்கு வெளிதேசம் செல்ல அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும்போது, அவருடைய கட்டுரைச் சுருக்கத்தைக் கேட்பது போலவே இந்த ஒற்றைத் தாளையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போடும் வரை, எந்த நேரத்திலும் போனை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இந்த வருஷம் புறப்படவிருக்கிற வாசகர்களே, உங்கள் தாளை இன்று இரவே எழுதத் தொடங்குங்கள்.