களைப்புக்குக் குளிசையா?

மாலை ஐந்து மணிக்குப் பின் ஹெவ்லொக் வீதியில் எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் ஒரே முறைப்பாட்டைக் கேட்கலாம். "எந்நேரமும் களைப்பாயிருக்கிறது, நல்ல விற்றமின் ஏதாவது தாருங்கள்." கேட்பவர் வங்கி எழுதுவினைஞராயிருக்கலாம், பாடசாலை முடிந்து ரியூசன் வகுப்புக்கு ஓடும் ஆசிரியராயிருக்கலாம், பரீட்சைக்காக இரவிரவாகக் கண்விழிக்கும் மாணவராயிருக்கலாம். ஏன் களைப்பு, எத்தனை மாதமாகக் களைப்பு என்று கடையிலுள்ளவர் கேட்பதில்லை. உள்நாட்டுக் குளிசையா, வெளிநாட்டுக் குளிசையா என்றே கேட்கிறார். பணம் கைமாறுகிறது, களைப்போ வந்தவருடனேயே வீடு திரும்புகிறது.

இரும்புக் குளிசையும் விற்றமின் குளிசையும் வாங்கி விழுங்கலாமா, கூடாதா என்று எம்மிடம் வினவும் நண்பர்கள் பலர். நாம் வைத்தியரல்லர். ஆயினும் இக்கேள்வி வைத்தியருக்கு மட்டும் உரியதன்று என்று துணிந்து கூறுவோம். எவருடைய களைப்புக்கு மருந்து கிடைக்கிறது, எவருடைய களைப்புக்கு ஏச்சுக் கிடைக்கிறது என்பது சமூகத்தைப் பற்றிய கேள்வியன்றோ?

ஹெவ்லொக் டவுனில் நாம் அறிந்த ஒரு வீட்டில் இருவர் களைத்திருந்தனர். ஒருவர் ஆசிரியை, முற்போக்கான கருத்துகள் உடையவர், எம்மைப் போன்றோர் எழுதுவதை ஆர்வத்துடன் வாசிப்பவர். எட்டு மாதமாக இரண்டு வகைக் குளிசைகளை விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய களைப்பைப் பற்றி வீட்டிலும் பாடசாலையிலும் எல்லோரும் அனுதாபத்தோடு பேசினர். மற்றவர், பொகவந்தலாவைத் தோட்டமொன்றிலிருந்து வந்து அவ்வீட்டில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பெண். மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்குவாள். பாத்திரம் கழுவும்போது சுவரில் சாய்ந்துகொள்வாள். அவளுடைய களைப்புக்கு அவ்வீட்டில் வழங்கிய பெயர் சோம்பல். ஒரே கூரையின் கீழ் ஒருத்தியின் களைப்பு நோயாகவும், மற்றொருத்தியின் களைப்பு குணக்கேடாகவும் கணக்கிடப்பட்டது.

இந்தக் கணக்கு பழையது. 1902இல், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளின் குடலில் கொழுக்கிப்புழு மலிந்திருப்பதைச் சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் என்னும் அறிஞர் எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று கேலிப்பெயர் சூட்டின. அதுவரை சோம்பேறிகள் என்று ஏசப்பட்டோரிற் பலர் உண்மையில் இரத்தமிழந்த நோயாளர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் வேலையை றொக்பெல்லர் தாபனத்தார் 1916இல் தொடங்கினர். புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள்ளே புகுகிறது. குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகிறது. மருந்து கொடுத்தாற் புழு வெளியேறும். ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்தில், வெளியேறிய புழுவின் குஞ்சு மறுபடியும் அதே காலைத் தேடி வரும். மருந்துக்குச் சம்மதித்த துரைமார் பலர், மலசலகூடம் கட்டும் செலவென்றதும் பின்வாங்கினர். தொழிலாளியின் உடம்பைக் கொழுந்து பறிக்கும் அளவுக்குப் பழுதுபார்த்தாற் போதும் என்பது அவர்கள் கொள்கை.

இதைக் கூறியதும் எமது தோழர்களில் ஒரு சாரார் துள்ளியெழுவர். "பார்த்தீர்களா? குளிசை என்பதே கண்துடைப்பு. சோறும் ஓய்வும் கூலியும் கிடைத்தாற் களைப்புத் தானே பறக்கும். சமுதாயத்தை மாற்றுவதை விட்டு விற்றமின் பற்றிப் பேசுவதேன்?" என்பர். இவர்களோடும் எமக்கு வழக்குண்டு. அதற்குச் சாட்சி தேட ஹெவ்லொக் டவுனை விட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

இன்று ஹெவ்லொக் சிட்டி என்ற பெயரில் அடுக்குமாடிக் கோபுரங்களும் பேரங்காடியும் நிற்கும் நிலத்தில், முன்பு வெள்ளவத்தை நூற்றல் நெசவாலை நின்றது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களோடு நின்றனர். அடுத்த ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. 1934–35இல் ஏறக்குறைய 80,000 உயிர்களை அது விழுங்கிற்று. எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் டொரீன் விக்கிரமசிங்கவும் முன்னின்ற சூரிய மல் இயக்கத்தின் தொண்டர்கள் கிராமங்களுக்குள் நுழைந்தனர். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து இருந்தது. ஆனாற் பட்டினியால் உலர்ந்த உடம்புக்கு நோயோடு போராட வலுவிருக்கவில்லை. தொண்டர்கள் என்ன செய்தனர்? மாமைற் எனும் நொதிச் சாற்றைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து வாயிலிட்டனர். கூடவே உலருணவும் கொடுத்தனர். பருப்புச் சுமந்து வீடு வீடாகத் திரிந்த என். எம். பெரேராவுக்கு மக்கள் 'பருப்பு மாத்தயா' என்று பெயரிட்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியோர் இவர்களே. குளிசையா புரட்சியா என்று இவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கவில்லை.

மாமைற்றுக்கு அந்த வல்லமை எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் வேலை செய்த பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தச்சோகைக்குள்ளாகி மடிவதன் காரணத்தை ஆராய்வது அவர் நோக்கம். கிருமியைத் தேடியவர் ஈற்றில் அப்பெண்களின் சோற்றுத் தட்டை நோக்கினார். உணவில் ஏதோவொன்று குறைவதை உணர்ந்தார். மலிவான மாமைற்றைக் கொடுத்ததும் இரத்தம் ஊறக் கண்டார். 1931இல் அதனை வெளியிட்டார். அந்த 'ஏதோவொன்று' பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று இலங்கையிற் கருவுற்ற தாய்மாருக்கு அரச கிளினிக்குகளில் இரும்போடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கப்படுவது அதுதான். விற்றமின் குளிசையை முதலாளித்துவ மாயை என்று தள்ளிவிடும் தோழர் இந்த ஆலைப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வார்?

ஆகவே குளிசையின்மேல் எமக்குப் பகையில்லை. குறையிருக்கும் உடம்பில் அது மருந்து. குறையில்லாத உடம்பில் அது என்ன?

இரத்தத்தில் ஈமோகுளோபின் அளவு ஒரு டெசிலீற்றருக்குப் பெண்களில் 12 கிராமுக்கும் ஆண்களில் 13 கிராமுக்கும் குறைந்தால் அதனை இரத்தச்சோகை என உலக சுகாதார தாபனம் வரையறுத்திருக்கிறது. ஈமோகுளோபின் சரியாயிருந்தும் பெரிற்றின் எனப்படும் இரும்புக் கையிருப்பு வற்றிப்போவதுமுண்டு. அந்நிலையிலும் களைப்பு வரும். இரும்பு கொடுத்தாற் குறையவும் குறையும். 2003இல் சுவிற்சர்லாந்தில் இரத்தச்சோகையில்லாத, ஆனாற் களைப்புற்ற 144 பெண்களிடம் சோதித்தபோது, நான்கு வாரம் இரும்பு உண்டவர்களின் களைப்பு 29 வீதம் குறைந்தது. வெற்றுக் குளிசை உண்டவர்களில் 13 வீதம் குறைந்தது. கையிருப்புக் குறைந்த 198 பெண்களை மாத்திரம் தெரிந்தெடுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு உண்டோரின் களைப்பு 47.7 வீதமும், வெறும் மாவுக்குளிசை உண்டோரின் களைப்பு 28.8 வீதமும் குறைந்தன. இரும்பு வேலை செய்கிறது என்பதை மறுக்க இடமில்லை. ஆனால் அந்த 28.8 வீதத்தையும் பாருங்கள்! ஒன்றுமில்லாத குளிசையே களைப்பில் நான்கிலொரு பங்குக்கு மேல் தீர்த்துவிடுகிறது. விளம்பரக்காரனின் மாளிகை எழும்பியிருப்பது இந்த அத்திவாரத்தின் மேல்தான். "குடித்தேன், சுகமானேன்" என்று சாட்சி சொல்பவர் பொய்யரல்லர். எது சுகப்படுத்தியது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

தெரியாதிருப்பதில் ஆபத்துமுண்டு. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் களைப்பு, நீரிழிவாலும் களைப்பு, மனச்சோர்வாலும் களைப்பு. ஐம்பதைக் கடந்த ஆணின் உடம்பில் இரும்பு குறைந்தால், குடலில் எங்கோ இரத்தம் கசிகிறதா, அது புற்றுநோயா என்று வைத்தியர் தேடுவார். தானாக வாங்கி விழுங்கிய இரும்பு அந்த எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டிவிடும். தலசீமியா என்னும் பரம்பரை நோய் இந்நாட்டில் அரிதன்று. அதன் தன்மையைக் காவுவோருக்கு ஈமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கும், இரும்பு குறைந்திருக்கவேண்டுமென்பதில்லை. குறையாத உடம்பில் இரும்பை நிறைத்தால் அதனை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. ஏனைய விற்றமின்களிற் பல அவ்வளவு கெடுதல் செய்வதில்லை; சிறுநீரை மஞ்சளாக்கிவிட்டுப் போய்விடும். வெளிநாட்டுப் பொருள் விலை கொடுத்து வாங்கப்பட்டு, ஹெவ்லொக் டவுன் சாக்கடையில் ஓடுகிறது என்பதே அதன் பொருள்.

இனி, "குளிசை எதற்கு? முருங்கையிலையும் கீரையும் உண்ணுங்கள்" என்று உபதேசிக்கும் கனவான்கள். இவர்களுடைய உபதேசத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இலையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. மீனும் இறைச்சியும் சேர்ந்தாலோ, தேசிப்புளி பிழிந்தாலோ ஏற்பு மிகும். உணவோடு தேத்தண்ணீர் குடித்தால் வெகுவாகக் குறையும். பாணும் பிளேன்ரீயும் எம் ஏழைகளின் காலை உணவு. கொழுந்து பறிக்கும் கை இரத்தமின்றி வெளுத்திருக்க, அது பறித்த கொழுந்தே அவள் உண்ட சொற்ப இரும்பையும் தடுத்துவிடுகிறது. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறி நின்றன. இலங்கையில் 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவில்லை என்று உலக உணவுத் திட்டம் அவ்வாண்டில் மதிப்பிட்டது. மீனையும் முட்டையையும் தட்டிலிருந்து எடுத்துவிட்ட குடும்பத்துக்குச் சமபல உணவு பற்றி விரிவுரை செய்வது பசித்தவனுக்குப் பாகசாத்திரம் வாசிப்பதாகும்.

இந்த வலையிலிருந்து மீளும் வழியை இந்நாட்டார் ஒருவர் காட்டியிருந்தார். பேராசிரியர் சேனக்க பிபிலே, சூரிய மல் இயக்கத்தில் நாம் கண்ட அதே விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து, 1971இல் மருந்துக் கொள்கை அறிக்கையை அளித்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துப் பெயர்கள் ஏறக்குறைய அறுநூறாகச் சுருங்கின. நிறுவனம் சூட்டிய பெயரை விடுத்து மருந்தின் சொந்தப் பெயரால் வாங்குவது, தேவையானதை மட்டும் வாங்குவது, மலிவாய் வாங்குவது என்பதே அவர் கண்ட வழி. 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டு இங்கே திறந்த பொருளாதாரக் கதவுகள் அகலத் திறந்தன. பெரசு சல்பேற் எனும் இரும்புப்பு மிக மலிவான மருந்துகளில் ஒன்று. அதே இரும்பைத் தேன்நிறப் போத்தலில் அடைத்து, இருபது விற்றமின்களைத் துணைக்கு விட்டு, வெளிநாட்டுக் கொடி ஒட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்கலாம் என்பதை வணிகர் கற்றுக்கொண்டனர்.

அரசின்மேலும் எமக்கு ஒரு குறை உண்டு. பாடசாலைப் பிள்ளைக்கு இரும்பு கொடுக்கிறது; கருவுற்ற தாய்க்கும் கொடுக்கிறது; இரண்டும் போற்றத்தக்கவை. ஆனால் பாடசாலையை விட்டு விலகி, இன்னும் தாயாகாத, பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண் எந்தப் பட்டியலில் வருகிறாள்? அவளை மகளாகவும் தாயாகவும் காண்கின்ற கண்ணுக்குத் தொழிலாளியாகக் காணத் தெரியவில்லை. வீட்டுப் பணியாளருக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டுமென்று சர்வதேச தொழில் தாபனத்தின் 189ஆம் சமவாயம் 2011இல் கூறிற்று. ஹெவ்லொக் டவுனின் சமையலறைகளில் அச்சமவாயத்தை வாசித்தவர் எத்தனை பேர்?

அந்த வீட்டுக்கு வருவோம். வைத்திய நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் ஆசிரியை இரத்தப் பரிசோதனைக்குப் போனார். நண்பர் விடவில்லை, அந்தப் பெண்ணையும் கூட்டிவரச் சொன்னார். ஆசிரியையின் ஈமோகுளோபின் 13க்கு மேல். இரும்புக் கையிருப்பு நிறைவு. எட்டு மாதம் விழுங்கியதற்கு ஒரு தேவையும் இருந்ததில்லை. குறைந்திருந்தது தைரொயிட், இப்போது அதற்குரிய சிறு குளிசையொன்றை உண்கிறார், தேறிவருகிறார். அந்தப் பெண்ணின் ஈமோகுளோபின் எட்டு. பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் எழுதிக் கொடுத்தார்கள். அளவு சரியான பின்னும் மூன்று மாதம் தொடரவேண்டும், தேத்தண்ணீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவேண்டும் என்றார்கள். இரும்புக்குச் செலவான தொகை, ஆசிரியை வாங்கிய போத்தலொன்றின் மூடிக்கும் காணாது.

ஆசிரியை வெட்கப்பட்டார், அதை எம்மிடம் ஒளிக்கவுமில்லை. சோம்பல் என்ற சொல் அவ்வீட்டில் இப்போது கேட்பதில்லை. பெண்ணின் தட்டில் மீனும் விழுகிறது. ஆனால் அவள் இன்னும் காலை நான்கரைக்கே எழும்புகிறாள். இரவு பதினொரு மணிக்குப் பின்னரே பாயை விரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பற்றிக் கேட்டோம். வீட்டில் எல்லோரும் நிற்கும் நாள் அது ஒன்றுதானே, யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஆசிரியை.