நூறு நாள் இருக்கிறது, திரண்டு வாருங்கள்!

தோழர்களே,

ஆகஸ்ட் 12 நெருங்கிவிட்டது. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நினைவாக நாடெங்கும் நூலகர் தினம் கொண்டாடப்படும் நாள் அது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு நாள். அதற்குள் திருமுல்லைவாயில் நூலகத்தில் ஆள் நடமாட்டம் பெருகியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த அறைகூவல்.

காலையில் செய்தித்தாள் மேசையில் உட்கார இடம் கிடைக்காது. பதினொரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள்: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர், அவ்வளவுதான். உள் அலமாரியில் ஏதாவது ஒரு நாவலை எடுத்து, தேதி முத்திரை குத்தும் தாளைப் புரட்டுங்கள். மேலே முத்திரைகள் நெருக்கியடித்து இறங்கும். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகும். பாதித் தாளில் நின்றே போகும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் வேண்டும் என்று ரங்கநாதன் 1931இல் வகுத்த விதி அந்தப் பாதித் தாளில் தோற்றுக் கிடக்கிறது.

நூலகம் யாரும் நமக்குப் போட்ட பிச்சை இல்லை, தோழர்களே. விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாகாணம்தான், 1948இல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். வாடகை வீட்டுக்காரரும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுக்கிறார். கொடுத்த காசுக்கு உரிமை கொண்டாட வேண்டாமா? ஆள் வராத நூலகத்துக்குக் கூடுதல் புத்தகமும் கூடுதல் நேரமும் கேட்க நமக்கு எந்த முகம் இருக்கிறது?

ஆளுக்கொரு கைபேசி இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்பார்கள். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு ஓர் அமைதியான மேசையைக் கைபேசி தருமா என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி வேலை.

ஆகஸ்டில் உறுப்பினர் சேர்க்கை. சோழம்பேடு, சரஸ்வதி நகர், மணிகண்டபுரம் என்று தெரு பிரித்துக்கொள்வோம். இருவர் இருவராக வீடு ஏறுவோம். படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். நிரப்ப உதவி செய்து, நூலகம் வரை கூட்டிவந்து விடுங்கள்.

செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், 17 பெரியார் பிறந்தநாள். அந்த வாரம் வாசகர் வட்டத்தைத் தொடங்குவோம். மாதம் ஒரு புத்தகம். படித்தவர் பேசட்டும், படிக்காதவர் கேட்கட்டும். ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை நேரம். தொழிற்பேட்டை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கதை கேட்டே அவர்கள் தமிழ் பழகட்டும்.

அக்டோபரில் நூலகம் தெருவுக்கு வரும். 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நமக்கு மீன்பாடி வண்டி போதும். நூலகரைக் கலந்து பேசி, நன்கொடையாக வரும் புத்தகங்களை அதில் அடுக்கி, வேலை விடும் நேரத்தில் மகளிர் தொழிற்பேட்டை வாசலிலும் ரயில் நிலையத்தருகிலும் நிறுத்துவோம். நூலகத்துக்கு வர நேரமில்லாத தோழியரிடம் புத்தகம் போய்ச் சேரட்டும்.

நவம்பரில் நூலக வாரம். ஏழு மாலையும் நூலகத்தில் நிகழ்ச்சி: சிறுவர் ஓவியம், பேச்சுப் போட்டி, ஊர் வரலாறு பேசும் மூத்தோர், வேலையில் சேர்ந்த பழைய மாணவர்கள் தேர்வு எழுதுவோருக்குச் சொல்லும் வழிமுறை. வசதி உள்ளவர்கள் ரூ.1,000 கட்டிப் புரவலராகுங்கள். வசதி இல்லாதவர்கள் வாரம் இரண்டு மணி நேர உழைப்பைத் தாருங்கள். பணத்தைவிட அதுதான் பெரிது.

அரசு கட்டடம் தரும், புத்தகம் தரும், நூலகரைத் தரும். வாசகரை நாம்தான் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக வாசலில் கூடுவோம். தனியாக வராதீர்கள், இதுவரை நூலகத்தில் கால் வைக்காத ஒருவரைக் கையோடு அழைத்து வாருங்கள்!