சோதனை மருந்தா? தமிழில் சொல்லிக் கொடுங்கள்!

சாப்பாட்டோடு உள்ளே போகும் ஒரு புழு, மனிதனின் சதைக்குள் வருடக்கணக்கில் குடியிருக்கும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை.

பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வெளிவரும் குஞ்சு குடலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது. பிறகு தசையிலோ, கண்ணிலோ, மூளையிலோ நீர்க்கட்டியாகத் தங்கிவிடுகிறது. இந்த நோய்க்கு 'சிஸ்டிசெர்கோசிஸ்' என்று பெயர். தோலுக்கு அடியிலும் தசையிலும் இருந்தால் சிறு கட்டிகள் கையில் தட்டுப்படும். மூளையில் இருந்தால் வலிப்பு வரும்.

பன்றிக்கறியையே தொடாதவருக்கும் இது வரலாம். சரியாக வேகாத கறியைத் தின்றவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அவர் கை கழுவாமல் பரிமாறினாலும், அந்த மலம் கலந்த தண்ணீரில் கழுவிய காய்கறியைப் பச்சையாகத் தின்றாலும், முட்டை அடுத்தவர் வயிற்றுக்குப் போய்ச் சேருகிறது. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று வாழும் மும்பைக் குடிசைவாசிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து வந்த கதை

இந்தக் கட்டிகளுக்கு நேரான மருந்து வெகுகாலம் இல்லை. 1970-களில் ஜெர்மனியில் 'பிராசிகுவான்டெல்' கண்டுபிடிக்கப்பட்டது. கால்நடைகளின் புழுக்களை ஒழிக்க வந்த 'அல்பெண்டசோல்' மருந்தை மூளைக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை மெக்சிகோ டாக்டர்கள் 1987-ல் வெளியிட்டார்கள்.

மும்பைக்கும் இதில் பங்கு உண்டு. தசை, மூளை என்று உடம்பெங்கும் கட்டி பரவிய நோயாளிகளுக்குப் பிராசிகுவான்டெல் கொடுத்த அனுபவத்தை, நரம்பியல் நிபுணர் நோஷிர் வாடியாவும் உடன் பணியாற்றிய டாக்டர்களும் 1988-ல் 'பிரெயின்' என்ற மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

இன்று இரண்டு மருந்துகளும் வழக்கமான சிகிச்சையாகிவிட்டன. ஆனால் அந்த நிலைக்கு வர, சோதனைக்குச் சம்மதித்த ஏழை நோயாளிகள் பலர் தேவைப்பட்டார்கள். பெரு நாட்டில் 120 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2004-ல் வெளிவந்தது. 60 பேருக்கு அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். மற்ற 60 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு, மருந்து சாப்பிட்டவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. சோதனை இல்லாமல் இந்த உண்மை தெரிந்திருக்காது. ஆகவே சோதனையே கூடாது என்பது சரியான வாதம் ஆகாது.

ஏன் சொல்ல வேண்டும்?

மருந்து புழுவைக் கொல்லும். ஆனால் புழு சாகும்போது சுற்றியுள்ள இடம் வீங்கும். தொடையில் வீங்கினால் வலியோடு போகும். மூளையில் வீங்கினால் வலிப்பு வரும். உயிருக்கும் ஆபத்து வரலாம். கண்ணில் என்றால் பார்வை போகலாம். அதனால்தான் மருந்து தொடங்குமுன் மூளைக்கு ஸ்கேன் எடுத்து, கண்ணையும் பார்க்கிறார்கள். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். தசையில் மட்டும் இருக்கும் கட்டி தொந்தரவு செய்யாவிட்டால், பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. நாளடைவில் அது சுண்ணாம்பாக இறுகி, எக்ஸ்ரேயில் அரிசி மணிபோலத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை வேறு விஷயம். அதைத் தடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்கி, நாள்கணக்கில் தானாக விழுங்குவதே ஆபத்து.

ஆக, நோய் தீருமுன் கொஞ்சம் கூடலாம் என்பது இந்த மருந்தின் குணம். அதை அறிந்தவன் வீட்டில் வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். அறியாதவன் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுவான். அவனைக் காப்பாற்றுவது யார்?

சட்டம் இருக்கிறது

2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சோதனையில் சேர்பவருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். சம்மதப் பத்திரத்தின் நகல் ஒன்றை நோயாளியிடம் தர வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், நஷ்டஈடும் உண்டு. விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

'புரியும் மொழி' என்றால் எது? தாராவியிலிருந்து போகும் தோல் பட்டறைத் தொழிலாளிக்கு அது தமிழ். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு இந்தி தெரியும் என்பதால், 'மூளை வீங்கலாம்', 'வெறும் மாத்திரையும் கிடைக்கலாம்' என்பதெல்லாம் இந்தியில் விளங்கிவிடுமா? பள்ளிக்குப் போகும் மகனை மொழிபெயர்க்கச் சொல்வதும் முறையல்ல. அப்பாவுக்கு ஆபத்து என்பதை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பார்கள். அவர்களே தமிழில் பேச வேண்டியதில்லை. இரண்டு பக்கத் தமிழ்த் தாளும், அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் போதும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கங்கள், வாரத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொண்டரை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

தொழிலாளர்களும் கேட்கப் பழக வேண்டும். இது வழக்கமான மருந்தா, சோதனை மருந்தா? ஸ்கேன் எடுத்தாயிற்றா, கண் பார்த்தாயிற்றா? இரவில் வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் கிடைக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள்.