மலைப்பாதையும் மோட்டார் சைக்கிளும்

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய வரை நல்ல தார்ச்சாலை. பொதி எப்படியிருப்பினும் வண்டி ஓடும். அங்கு இடப்புறந் திரும்பி, கோர்பட் கணவாயைக் கடந்து மீமுரேக்குச் செல்லும் மலைப்பாதையிலேதான் நாம் முற்றத்திற் கட்டிய கட்டின் தரம் தெரியவரும்.

முதன்முறை சென்றபோது கூடாரம், அரிசி, சமையற் பாத்திரம் யாவற்றையும் பின் கரியரிலேயே அடுக்கினோம். செங்குத்தான வளைவொன்றில் முன்சில்லு நிலத்தைவிட்டு எழும்பத் தலைப்பட்டது. ஒரு பக்கம் பள்ளம்! வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து விழுத்தியே தப்பினோம். ஏறக்குறைய 190 கிலோ நிறையுள்ள 350 சீசீ புல்லட்டை, பொதியோடு நிமிர்த்த முடியாமல் அவிழ்த்துப்போட்டு நிமிர்த்திய பாட்டை விரிப்பானேன்?

பின்சில்லின் அச்சுக்கு அப்பால் தொங்கும் பாரம், கிணற்றுத் துலாவைப்போல முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஆதலின் கனத்த பொருள்களை இரு பக்கப் பைகளிலும் சமநிறையாக, தாழ்வாக, ஆசனத்துக்கு அண்மையில் வைத்தல் வேண்டும். பை புகைக்குழாயிற் படலாகாது. படுக்கை, உடுப்பு போன்ற இலேசானவையே கரியருக்குரியன. கயிறு அதிர்வில் நெகிழும். பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய றப்பர் வார் விசை குன்றாது. அதன் நுனி சங்கிலியில் அகப்படாதவாறு முடிந்துவிடுக.

பின் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கி, சுமையேற்றிய வண்டிக்கென விதித்த அளவுக்கு ரயருக்குக் காற்றடித்துக்கொள்ளலாம். கரியரைத் தாங்கும் ஆணிகளோ கல்லுப்பாதையில் தாமாகவே கழலும். கணவாயின் உச்சியில் மலைத்தொடரின் அழகைப் பருகுமுன், ஒரு முறை சாவியெடுத்து அவற்றை முடுக்கிய பின்னரே நாம் இப்பொழுதெல்லாம் இறக்கத்தில் இறங்குகிறோம்.