ஐஸ் காய்ச்சிய ஆசிரியர் மீது ஏன் இத்தனை இரக்கம்?

'பிரேக்கிங் பேட்' வோல்ட்டர் வைட்டுக்காக இன்றும் உருகுகிறார்கள். "பாவம், புற்றுநோயாளி, குடும்பத்துக்காகத்தானே செய்தார்!"

ஆசிரியர்களாகிய நாம் கேட்கிறோம்: சிகிச்சைச் செலவைப் பழைய நண்பர் ஏற்க வந்தபோது மறுத்தது யார்? ஜேன் மூச்சுத்திணறிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? சின்னப் பிள்ளை புரொக்குக்கு நஞ்சூட்டியது யார்? தனக்காகவே செய்ததாகக் கடைசியில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் திட்டு முழுக்க மனைவி ஸ்கைலருக்கு! அவராக நடித்த ஆனா கன், தன் மீதே திரும்பிய வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயோர்க் டைம்ஸில் எழுதினார்.

அவர் காய்ச்சியது, நம்மூரில் ஐஸ் என்று விற்கிறார்களே, அதே சாமான்தான். திரையில் காய்ச்சுபவனுக்குக் கைதட்டு, தெருவில் அதற்கு அடிமையான பிள்ளைக்கு ஏச்சு. இது என்ன நியாயம்?

தொடரைப் பாருங்கள், தடுக்கவில்லை. இரக்கத்தை மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.